அமைச்சர் மீண்டும் மாணவரானார்: இத்தாலியில் கதே

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் இத்தாலியின் பெருஜா, சியனா, ஃபுளோரன்ஸ் போன்ற நகரங்களில் வெளிநாட்டு மாணவர்களை நிறையப் பார்க்கலாம். காலையில் வகுப்பறையில் இத்தாலிய மொழி படிக்கிறார்கள். மாலையில் தேவாலயங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போய் அந்நாட்டுப் பண்பாட்டைப் படிக்கிறார்கள். பெருஜாவிலும் சியனாவிலும் வெளிநாட்டவருக்கென்றே பல்கலைக்கழகங்கள் உள்ளன.

இந்த வசதிகள் எவையும் இல்லாத காலத்தில் ஒருவர் இத்தாலிக்குப் படிக்கப் போனார். அப்போது அவருக்கு வயது 37. ஒரு சிற்றரசில் அமைச்சர். ஐரோப்பா முழுவதும் வாசகர்களைக் கொண்ட எழுத்தாளர். ஆனால், பதவியையும் பெயரையும் மறைத்துக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல் கிளம்பினார். அவர்தான் ஜெர்மன் இலக்கியத்தின் தலைமகனாகப் போற்றப்படும் யோகான் வுல்ப்காங் ஃபொன் கதே.

வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்ற கனவு உங்களில் பலருக்கு இருக்கும். அந்தக் கனவு ஒருவருக்கு எதைக் கொடுக்கும், எதை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கதேயின் கதையில் தெளிவாகக் காணலாம்.

வீட்டுச் சுவரில் தொங்கிய ரோம்

கதே 1749 ஆகஸ்ட் 28ஆம் தேதி பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் யோகான் காஸ்பர் சட்டம் படித்தவர், வசதியானவர். அவர் 1740ஆம் ஆண்டில் இத்தாலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பயணத்தின் நினைவு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. ரோம் நகரக் காட்சிகளைக் காட்டும் அச்சுப் படங்களை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்தார். கொலோசியம், புனித பேதுரு பேராலயம், போப்போலோ சதுக்கம் எல்லாம் சிறுவன் கதேக்குத் தினமும் கண்ணில் படும் இடங்களாயின. வெனிஸிலிருந்து தந்தையார் வாங்கி வந்த சிறிய கொண்டோலா படகு ஒன்றும் வீட்டில் இருந்தது. அதைத் தொட்டு விளையாட எப்போதாவதுதான் அனுமதி கிடைக்கும்.

தந்தையார் தம் பயணக் கதையை ஜெர்மன் மொழியில் எழுதவில்லை. இத்தாலிய மொழியிலேயே பல ஆண்டுகள் எழுதினார். பிழை திருத்த ஜியோவினாட்சி என்ற இத்தாலிய ஆசிரியர் வீட்டுக்கு வந்து போவார். அவர் நன்றாகப் பாடுவார். கதேயின் தாயார் இசைக்கருவி வாசிப்பார். ஓர் இத்தாலியப் பாடலைப் பொருள் புரியாமலேயே சிறுவன் மனப்பாடம் செய்துவிட்டான்.

தந்தையார் தங்கை கொர்னேலியாவுக்கு இத்தாலியம் கற்றுக்கொடுப்பார். அதே அறையில் கதே லத்தீன் பாடத்தை உருப்போட வேண்டும். கண் லத்தீன் புத்தகத்தில் இருக்கும், காது தங்கையின் பாடத்தில் இருக்கும். இப்படி ஒட்டுக்கேட்டே இத்தாலிய மொழியின் அடிப்படையைப் பிடித்துக்கொண்டார். மொழி காதுக்குள் வந்துவிட்டது. ஆனால் அதைப் பேசியே ஆகவேண்டும் என்ற நிலை வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆகும்.

மூன்று முறை தவறிய வாய்ப்பு

1775ஆம் ஆண்டு கோடையில் சுவிட்சர்லாந்து சென்ற கதே, இத்தாலிக்கு வழிகாட்டும் கோட்டார்ட் மலைக் கணவாய் வரை ஏறினார். அப்பால் இறங்கினால் இத்தாலி. ஏனோ மனம் வரவில்லை, திரும்பிவிட்டார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இத்தாலிக்கென்றே புறப்பட்டு ஹைடெல்பெர்க் வரை போனார். அங்கே வைமார் சிற்றரசர் கார்ல் ஆகஸ்டின் அழைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. 1779இல் மறுபடியும் கோட்டார்ட் உச்சி, மறுபடியும் திரும்பல்.

அழைப்பை ஏற்று வைமார் சென்றவருக்குப் பொறுப்பு மேல் பொறுப்பு வந்தது. சுரங்கம், சாலை, படை, கருவூலம் என்று பல துறைகள் அவர் கைக்கு வந்தன. 1782இல் பிரபுப் பட்டமும் கிடைத்தது. அதே ஆண்டில், மகன் இத்தாலியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட தந்தையார் காலமானார்.

வெளியிலிருந்து பார்த்தால் இது வெற்றிகரமான வாழ்க்கை. உள்ளே நிலைமை வேறு. 1774இல் வெளிவந்த ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ நாவல் அவரை இருபத்தைந்து வயதில் புகழின் உச்சியில் வைத்திருந்தது. அதன் பிறகு தொடங்கியவை பல, பெரிய அளவில் முடித்தவை மிகக் குறைவு. எக்மோன்ட், தாஸ்ஸோ, ஃபாவுஸ்ட் எல்லாம் அரைகுறையாக மேசையில் கிடந்தன. இதற்கிடையே தம் படைப்புகளைத் தொகுத்து வெளியிட ஒரு பதிப்பாளருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முடிக்காத நூல்களை எப்படி வெளியிடுவது?

இன்னொரு குழப்பமும் இருந்தது. தாம் உண்மையில் கவிஞரா, ஓவியரா? சிறுவயது முதல் படம் வரைந்து வந்த கதே, நாற்பதை நெருங்கும் வயதிலும் இந்தக் கேள்விக்கு விடை காணாமல் இருந்தார்.

விடியற்காலை மூன்று மணி

1786 ஆகஸ்டில் கதே கார்ல்ஸ்பாட் என்ற வெந்நீர் ஊற்று நகரில் ஓய்வில் இருந்தார். நண்பர்கள் அவருடைய பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு, எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டே பைகளோடு வண்டி ஏறினார். சிற்றரசரிடம் விடுப்புக் கேட்டிருந்தார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. அது தெரிந்தவர் அவருடைய உதவியாளர் ஒருவர் மட்டுமே. வழியில் யோகான் பிலிப் மோலர் என்ற பொய்ப் பெயரை வைத்துக்கொண்டார்.

ஏன் இந்த ஒளிவுமறைவு? புகழ்பெற்ற எழுத்தாளர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் விருந்தும் வரவேற்பும் தொடரும். அமைச்சர் என்று தெரிந்தால் தூதர்கள் தேடி வருவார்கள். ஒன்றும் தெரியாத மாணவராக எதையும் பார்க்க முடியாது, கேட்க முடியாது. கற்றுக்கொள்ள வேண்டுமானால் முதலில் யாரோ ஒருவராக மாற வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

மொழி உயிர்பெற்ற இடம்

பிரென்னர் கணவாயைத் தாண்டி, செப்டம்பர் 11ஆம் தேதி மாலை ரொவெரெத்தோ என்ற ஊரை அடைந்தார். ஜெர்மன் பேச்சு முடிந்து இத்தாலியப் பேச்சு தொடங்கும் எல்லை அது. வண்டிக்காரர் இத்தாலியர். விடுதிக்காரருக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. படுக்கை வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா, இனி இத்தாலியத்தில்தான் கேட்க வேண்டும். கதேக்கு அச்சம் வரவில்லை, பெரும் மகிழ்ச்சி வந்தது. சிறுவயதில் சுவருக்கு அந்தப் பக்கம் போலக் கேட்டுக்கொண்டிருந்த மொழி இப்போது உயிருள்ள மொழியாகிவிட்டது என்று உணர்ந்தார்.

மறுநாள் கார்டா ஏரிக்கரையில் தொர்போலே என்ற ஊரில் தங்கினார். கதவுகளுக்குப் பூட்டு இல்லை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் எண்ணெய் தடவிய காகிதம். கழிப்பறை எங்கே என்று கேட்டபோது, விடுதி ஆள் வெளி முற்றத்தைக் காட்டினான். முற்றத்தில் எந்த இடம் என்று கேட்டால், எங்கே வேண்டுமானாலும் என்று பதில் வந்தது! வேறொரு நாட்டில் போய் வாழும் எவரும் முதல் வாரத்தில் சந்திக்கும் அதிர்ச்சிதான் இது. கதே முகம் சுளிக்காமல் இதைச் சிரிப்போடு எழுதி வைத்தார்.

மொழியறிவுக்கு உண்மையான சோதனை அடுத்த நாள் காத்திருந்தது. எதிர்க்காற்று வீசியதால் படகு மல்செசினே என்ற ஊரில் ஒதுங்கியது. அங்கிருந்த பழைய கோட்டையின் கோபுரத்தைக் கதே வரையத் தொடங்கினார். கூட்டம் கூடியது. ஒருவர் வந்து வரைந்த தாளைக் கிழித்துப் போட்டார். ஊர் அதிகாரி எழுத்தருடன் வந்துவிட்டார். அது வெனிஸ் குடியரசின் எல்லைப் பகுதி, அடுத்தது ஆஸ்திரியப் பேரரசரின் நிலம். கோட்டையை வரைபவன் பேரரசரின் உளவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார்கள்.

பொய்ப் பெயரில் பயணம் செய்யும் அந்நியர் கைதானால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கதே தமக்குத் தெரிந்த இத்தாலியத்தில் வாதாடத் தொடங்கினார். இடிந்த கோட்டையில் என்ன ரகசியம் இருக்கிறது, அதன் அழகை வரையத்தான் வந்தேன் என்று விளக்கினார். காலை வெயிலில் அந்தக் கோட்டை எப்படித் தெரிகிறது என்று வர்ணித்தார். தாம் பிராங்க்ஃபர்ட்காரர் என்றும் சொன்னார். உடனே, பிராங்க்ஃபர்ட்டில் வேலை செய்து திரும்பிய உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அந்நகரில் வாழ்ந்த இத்தாலிய வணிகக் குடும்பங்களைப் பற்றி அவர் விசாரிக்க, யாருக்குத் திருமணமானது, யாருக்குப் பேரன் பிறந்தான் என்பது வரை கதே பதில் சொன்னார். சந்தேகம் தீர்ந்தது. உளவாளி விருந்தாளியானார். இன்று அதே கோட்டையில் கதேயின் மார்பளவுச் சிலை நிற்கிறது.

தெருவே வகுப்பறை

பாதுவா நகரில் 1545இல் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றார். அங்கு ஒரு குட்டைப் பனையின் இலைகள் அடியில் எளிய வடிவிலும் மேலே போகப் போக விசிறி வடிவிலும் மாறுவதைக் கவனித்தார். தோட்டக்காரரிடம் கேட்டு அந்த இலைகளை வரிசையாக வெட்டி வாங்கிக்கொண்டார். ஒரு செடியின் உறுப்புகள் எல்லாம் ஒரே அடிப்படை வடிவத்தின் மாற்றங்களே என்ற எண்ணம் இந்தப் பயணத்தில் வலுப்பட்டு, 1790இல் தாவர வடிவ மாற்றம் பற்றிய நூலாக வெளிவந்தது. அந்தப் பனை ‘கதேயின் பனை’ என்ற பெயரோடு இன்றும் உயிரோடிருக்கிறது.

வெனிஸை நெருங்கியபோது முதல் கொண்டோலாக்கள் எதிரே வந்தன. சிறுவயதில் தொட்டுப் பார்த்த பொம்மைப் படகு நினைவுக்கு வந்தது. அந்நகரில் அவர் மொழி கற்ற விதம் கவனிக்கத்தக்கது. பொது நீதிமன்றத்துக்குப் போய் வழக்கறிஞர்கள் வாதிடுவதைக் கேட்டார். காசு கொடுத்துப் படகோட்டிகளை வரவழைத்து, தாஸ்ஸோ, அரியோஸ்தோ ஆகிய கவிஞர்களின் பாடல்களைப் பாடச் சொன்னார். இருவர் தொலைவில் நின்று ஒருவருக்கொருவர் மறுமொழியாகப் பாட, நடுவில் நடந்தபடி கேட்டார்.

கோல்டோனியின் நாடகம் ஒன்றையும் பார்த்தார். கியோஜா என்ற மீனவ ஊரின் சண்டை சச்சரவுகளைக் காட்டும் நகைச்சுவை நாடகம் அது. வட்டாரப் பேச்சு என்பதால் சில இடங்கள் புரியவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் அந்தப் பக்கம் போய், துறைமுக மக்களின் குரலையும் நடையையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதனால் மொத்த நாடகத்தையும் பின்தொடர முடிந்தது. அகராதி தராத விளக்கத்தை ஊர் தந்தது.

ரோமில் ஒரு கோடை

1786 அக்டோபர் 29ஆம் தேதி ரோமை அடைந்தார். அவ்வளவு அவசரம், வழியில் ஃபுளோரன்ஸ் நகரில் மூன்று மணி நேரம்தான் நின்றார்! கோர்சோ தெருவில் ஓவியர் திஷ்பைன் தங்கியிருந்த வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அங்கே அவர் பெயர் பிலிப்போ மில்லர், தொழில் ஓவியம்.

1787 பிப்ரவரியில் நேப்பிள்ஸ் சென்று வெசூவியஸ் எரிமலையில் மூன்று முறை ஏறினார். பிறகு சிசிலித் தீவைச் சுற்றினார். ஜூன் மாதம் ரோமுக்குத் திரும்பியபோது, இனி சுற்றிப் பார்ப்பவராக இல்லாமல் ஒழுங்காகப் படிப்பவராக இருக்கப் போவதாகத் தீர்மானித்தார். அந்தக் கோடையில் தொடங்கிய படிப்பு குளிர்காலம் வரை நீண்டது.

நிலக்காட்சி வரையக் கற்க ஓவியர் ஹக்கர்ட்டுடன் தீவொலி என்ற ஊருக்குப் போனார். தொலைவும் ஆழமும் காட்டி வரையும் முறைக்குத் தனிப் பாடம் எடுத்துக்கொண்டார். களிமண்ணில் தலை செய்து பழகினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியர் ஆஞ்சலிகா கௌஃப்மனுடன் ஓவியக் கூடங்களைப் பார்த்தார். சிஸ்டைன் தேவாலயத்தின் காவலருக்குக் கொஞ்சம் காசு கொடுத்து உள்ளே போய் மைக்கேல் ஆஞ்சலோவின் ஓவியங்களை மணிக்கணக்கில் பார்ப்பது வழக்கமானது. வெயிலின் களைப்பில் ஒருநாள் போப்பாண்டவரின் இருக்கையிலேயே பகல் தூக்கம் போட்டுவிட்டாராம்!

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரோமில் அவருடைய நெருங்கிய வட்டம் பெரும்பாலும் ஜெர்மன் மொழி பேசும் கலைஞர்கள்தான். வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் தங்கள் ஊர்க்காரர்களோடு மட்டுமே சேர்ந்துகொள்வது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. ஆனால் கதே அந்த வட்டத்துக்குள் அடைந்து கிடக்கவில்லை. வீட்டுக்காரர்கள், தெரு வியாபாரிகள், திருவிழாக் கூட்டம் என்று எல்லாரையும் கவனித்தார். 1788இல் கண்ட ரோம் கார்னிவல் திருவிழாவைப் பற்றி அவர் எழுதிய நூல் மறு ஆண்டே வெளிவந்தது.

அந்த அக்டோபரில் காஸ்டல் கண்டோல்ஃபோ என்ற மலையூரில் மிலான் நகரப் பெண் ஒருவரைச் சந்தித்தார். பெண்களுக்குப் பிறமொழி கற்றுத்தர யாரும் முன்வருவதில்லை என்று அவர் வருந்தினார். அருகில் ஓர் ஆங்கில நாளிதழ் கிடந்தது. கதே உடனே பாடத்தைத் தொடங்கினார். தண்ணீரில் விழுந்த ஒரு பெண் காப்பாற்றப்பட்ட செய்தியைத் தேர்ந்தெடுத்தார். முதலில் அதிலுள்ள பெயர்ச்சொற்களை மட்டும் சொல்லிக்கொடுத்து மனத்தில் பதிய வைத்தார். அடுத்து வினைச்சொற்கள். கடைசியில் இணைக்கும் சொற்கள். முடிவில் அந்தப் பெண் செய்தி முழுவதையும் தாமாகவே புரிந்துகொண்டார். நாளிதழைக் கொண்டு மொழி கற்கும் இந்த முறையை நீங்களும் இன்றே சோதித்துப் பார்க்கலாம். அந்தப் பெண்மீது கதேயின் மனம் சாய்ந்தது. அவருக்கு ஏற்கெனவே திருமணம் நிச்சயமாகியிருப்பது தெரிந்ததும் விலகிக்கொண்டார்.

கிடைத்த விடை

நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து, நல்ல ஆசிரியர்களிடம் பயின்று, உலகின் தலைசிறந்த கலைப் படைப்புகளை நேரில் பார்த்த பிறகு, 1788 பிப்ரவரியில் கதே ஒரு முடிவுக்கு வந்தார். தாம் ஓவியர் அல்லர், கவிதைக்கென்றே பிறந்தவர்.

இது தோல்வியா? அரைகுறையாகப் பழகியிருந்தால் கேள்வி கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். முழு மனத்தோடு படித்ததால்தான் விடை கிடைத்தது. தயங்கிக் கிடந்த பேனாவும் ஓடத் தொடங்கியது. உரைநடையில் எழுதி வைத்திருந்த இஃபிகெனி நாடகத்தை 1787 ஜனவரியில் ரோமிலேயே செய்யுளாக்கி முடித்தார். பல ஆண்டுகள் இழுத்த எக்மோன்ட் அந்தக் கோடை முடிந்ததும் நிறைவுற்றது. இத்தாலியக் கவிஞரை நாயகனாகக் கொண்ட தாஸ்ஸோ நாடகம் ஊர் திரும்பிய பின் 1789இல் முடிந்தது.

ரோமை விட்டுப் பிரிய மனமில்லாமல் பல நாள் கண்ணீர் விட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1788 ஜூன் 18ஆம் தேதி வைமார் வந்து சேர்ந்தார்.

திரும்பியவருக்கு அங்கே இன்ப வரவேற்பு இல்லை. சொல்லாமல் போனதை நெருங்கிய தோழி ஷார்லோட்டே ஃபொன் ஷ்டைன் மன்னிக்கவில்லை, பத்தாண்டுக்கு மேற்பட்ட நட்பு முறிந்தது. இத்தாலியைப் பற்றி அவர் ஆர்வத்தோடு பேசியதை நண்பர்களால் ரசிக்க முடியவில்லை. ஊர் அப்படியே இருந்தது, அவர்தான் மாறிவிட்டார். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் பலரும் இதை உணர்வார்கள். சிற்றரசர் மட்டும் அவரைப் புரிந்துகொண்டார். கதே இல்லாத காலத்திலும் சம்பளத்தை நிறுத்தாத அவர், நிர்வாகச் சுமையில் பெரும் பகுதியைக் குறைத்துக் கலைக்கும் அறிவியலுக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

கற்ற மொழியைக் கதே கைவிடவில்லை. பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனுத்தோ செல்லினியின் தன்வரலாற்றை இத்தாலியத்திலிருந்து ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்தார். முதுமையிலும், நெப்போலியனின் மறைவு குறித்து மன்சோனி எழுதிய கவிதையை மொழிபெயர்த்தார். ‘இத்தாலியப் பயணம்’ நூலின் முதல் இரு பகுதிகள் 1816, 1817ஆம் ஆண்டுகளில் வந்தன. கடைசிப் பகுதி 1829இல், பயணம் முடிந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

மறு ஆண்டு அவருடைய மகன் ஆகஸ்ட், தந்தையைப் போலவே இத்தாலிக்குப் புறப்பட்டார். ரோமில் நோயுற்று 1830 அக்டோபரில், நாற்பது வயதில் இறந்தார். செஸ்டியஸ் பிரமிடு அருகே அவரை அடக்கம் செய்தார்கள். அதே பிரமிடின் அருகே தமக்கு ஒரு கல்லறை இருப்பதுபோல, 1788இல் கதே ஒரு படம் வரைந்திருந்தார். மகனின் கல்லில் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. கதேயின் மகன் என்று மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது. அளவற்ற புகழுடைய தந்தைக்கு மகனாகப் பிறப்பதன் சுமையை அந்தக் கல் சொல்லாமல் சொல்கிறது. 1832 மார்ச் 22ஆம் தேதி கதேயும் மறைந்தார்.

இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஜெர்மன் மொழி கற்க விரும்பும் மாணவர்கள் செல்லும் கதே கழகத்துக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு மொழியைத் தேடி ஊரைவிட்டுப் போனவரின் பெயரில் உலகம் முழுவதும் மொழி வகுப்புகள் நடக்கின்றன.

மாணவர்களே, எல்லாருக்கும் ரோமில் ஒரு கோடை கிடைக்காது. ஆனால் தங்கையின் பாடத்தை ஒட்டுக்கேட்டுத் தொடங்கிய படிப்புதான் மல்செசினேயில் ஒருவரைச் சிறையிலிருந்து காப்பாற்றியது. காதில் விழும் மொழிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தவறாகப் பேசவும் துணிந்தால், முதல் பாடம் பக்கத்து வீட்டிலேயே தொடங்கிவிடும்.